ஏழாம் நம்பர் நாற்காலி

அன்றைக்கும் டிபன் டப்பா காலியாகவில்லை.

அமுதவள்ளி மூடியைத் திறந்து பார்த்தாள். வைத்து அனுப்பிய நான்கு இட்லியில் இரண்டரை அப்படியே இருந்தது.

"சட்னி காரமா இருந்துதாமா?" என்று மகளிடம் கேட்டாள்.

"சட்னியத் தொடவே இல்லம்மா," என்றாள் வெண்பா.

வெண்பா ஆறாம் வகுப்பு படிக்கிறாள். எதிர் வீட்டில் தனியாக இருக்கும் மிலிட்டரி தாத்தாவுக்குக் காலை டிபன் கொண்டுபோய்க் கொடுப்பதும், அரை மணி கழித்து டப்பாவைத் திரும்ப வாங்கி வருவதும் அவளுடைய வேலை. தாத்தாவின் பெயர் கோதண்டபாணி. இருபத்தெட்டு வருடம் ராணுவத்தில் இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் மிலிட்டரி என்றுதான் சொல்வார்கள். அவருடைய பெயரைச் சரியாகச் சொல்லக்கூடியவர் தபால்காரர் ஒருவர்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்பு வரை வெண்பாவை எழுப்பியதே அவருடைய ஷூ சத்தம்தான். விடியற்காலை ஐந்தரைக்கு வெள்ளை பனியன், வெள்ளை கேன்வாஸ் ஷூவோடு தாத்தா தெருவில் இறங்கினால், டக் டக் என்று சத்தம் ஒரே சீராகக் கேட்கும். பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் போவார். அங்கே ஓய்வு பெற்ற ராணுவக்காரர்கள், அவரோடு சேர்த்து ஒன்பது பேர், உடற்பயிற்சி செய்வார்கள்.

ஒருநாள் அந்த மைதானத்தில் தாத்தா தடுக்கி விழுந்தார். முட்டியில் நல்ல அடி. வீக்கம் வடிந்துவிட்டது, கட்டும் பிரித்தாயிற்று. ஆனால் தாத்தா வீட்டை விட்டு வெளியே வரவே இல்லை. ஷூ வாசல் கதவின் பக்கத்தில் தூசி படிந்து கிடந்தது. செய்தித்தாள் பிரிக்காமலே அடுக்கி இருந்தது. டிவியும் ஓடவில்லை.

மறுநாள் டப்பாவை வாங்கப் போனபோது வெண்பா கேட்டே விட்டாள்.

"தாத்தா, டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாராமே?"

"சொன்னாரு."

"நடக்கலைன்னா முட்டி மடங்காமப் போயிடும்னாராமே?"

"அதுவும் சொன்னாரு."

"அப்ப ஏன் நடக்க மாட்டேங்கறீங்க?"

"யாருக்காக நடக்கணும் பாப்பா?" என்றார் தாத்தா.

"உங்க கூட்டாளிங்க எட்டு பேரு இருக்காங்களே?" என்றாள்.

"இருக்கானுங்க. ரெண்டு மாசம் ஆவுது. ஒருத்தன் எட்டிப் பாக்கலை." இதைத் தாத்தா அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

வெண்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எட்டுப் பேர்! அதில் ஒருவருக்குக் கூடவா மனசு இல்லை? நாலு கேள்வி நறுக்கென்று கேட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

*

சனிக்கிழமை பள்ளி விடுமுறை. காலை ஆறு மணிக்கெல்லாம் வெண்பா சைக்கிளை மிதித்து மைதானத்துக்குப் போய்விட்டாள்.

எட்டுப் பேரும் ஒரே வரிசையில் நின்றார்கள். வரிசை நேராக இருப்பதற்காக மண்ணில் பீங்கான் பியூஸ் கட்டைகளைப் பதித்திருந்தார்கள். சூளையில் வளைந்து போனது, விரிசல் விட்டது என்று கம்பெனிக்காரர்கள் ஒதுக்கிய கட்டைகள். அமுதவள்ளி வேலை பார்க்கும் கம்பெனியின் பின்பக்கம் கூட அது குவியலாகக் கிடக்கும். ஒரு கட்டைக்கு ஓர் ஆள் என்று நின்றார்கள்.

தொப்பை வைத்த அர்ச்சுனன் தாத்தா வரிசையை விட்டு முன்னால் வந்தார். "சாவ்தான்!" என்று கத்தினார். எல்லோரும் விறைப்பானார்கள். "நம்பர் சொல்லு!" என்று கத்திவிட்டு, ஓடிப்போய் வரிசையின் முதல் கட்டைக்குப் பின்னால் நின்றுகொண்டு அவரே ஆரம்பித்தார்.

"ஒண்ணு!"

"ரெண்டு!" என்றார் அடுத்தவர். "மூணு!" என்றார் நரைத்த கொண்டை போட்ட ஒரு பாட்டி. நான்கு வந்தது, ஐந்து வந்தது, ஆறு வந்தது.

பிறகு ஒரு கணம் சத்தமே இல்லை.

"எட்டு!"

"ஒம்பது!"

கோபமாக வந்த வெண்பா அதை மறந்துவிட்டு, "தாத்தா, ஏழை வுட்டுட்டீங்க!" என்று கத்தினாள்.

எட்டுத் தலைகளும் திரும்பின. "வுடலை பாப்பா," என்றார் அர்ச்சுனன். "ஏழுக்கு ஆளு இருக்குது. இன்னிக்கு வரலை, அவ்வளவுதான்."

வெண்பா அப்போதுதான் பார்த்தாள். ஆறாவது ஆளுக்கும் எட்டாவது ஆளுக்கும் நடுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. அங்கேயும் ஒரு பீங்கான் கட்டை இருந்தது. அதன் பின்னால் மண்ணில் ஒரு கால்தடம் கூட இல்லை. ஆனால் மற்ற கட்டைகளெல்லாம் மண் ஏறிச் சிவந்திருக்க, அது மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. ஆறாம் நம்பர்காரரான ஆனந்தராஜ் தினமும் தன் துண்டால் அதைத் துடைத்து வைக்கிறாராம்.

"அது மிலிட்டரி தாத்தா இடமா?" என்று மெதுவாகக் கேட்டாள் வெண்பா.

"நீ யாரு பாப்பா?"

"அவங்க எதிர் வூடு. இவ்வளவு பாசம் வெச்சிருக்கீங்களே, அப்ப ஏன் ஒருத்தரும் அவரைப் பாக்க வரலை? அவரு சரியா சாப்பிடறதே இல்லை, தெரியுமா?"

எட்டுப் பேரும் தரையைப் பார்த்தார்கள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் டீச்சர் முன்னால் நிற்பார்களே, அப்படி இருந்தது.

"ஆர்டர் பாப்பா," என்றார் அர்ச்சுனன்.

"என்னா ஆர்டர்?"

"அவரு விழுந்த மறுநாளே எட்டு பேரும் ஆப்பிள், ஹார்லிக்ஸெல்லாம் வாங்கிட்டுப் போனோம். அவருக்கு என்னமா கோவம்! 'இனிமே ஒருத்தனும் என் வூட்டுப் படி ஏறக் கூடாது, இது ஆர்டர்'னு கத்தினாரு. 'சரிங்க ஐயா'ன்னு சல்யூட் அடிச்சிட்டு வந்துட்டோம்."

"ஆப்பிள்?"

"அதையும் எடுத்துக்கிட்டு வந்துட்டோம். உள்ள போனாத்தானே குடுக்க முடியும்?"

வெண்பா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அவரு கோவத்துல சொன்னதுங்க அது!"

"கோவத்துல சொன்னாலும் ஆர்டர் ஆர்டர்தான் பாப்பா. அவரு சுபேதாரு. நான் நாயக். மூணு ரேங்க் கீழ."

கொண்டை போட்ட பாட்டி பெருமூச்சு விட்டாள். அவள் பெயர் சொர்ணாம்பாள். ராணுவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். "நான் கேப்டன் பாப்பா. இவங்க எல்லாரையும் விடப் பெரிய ரேங்க்," என்றாள்.

"அப்ப நீங்க ஆர்டரை மாத்தலாமே!"

"அவரு வூட்டுக்கு நான் கேப்டன் இல்லையே. வூட்டுக்காரரு வராதேன்னா கேப்டனா இருந்தாலும் வெளியிலதான் நிக்கணும்."

அர்ச்சுனன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பாப்பா, நான் ரிட்டயர் ஆகி வந்த புதுசுல ராத்திரியெல்லாம் தூக்கம் வராது. யாருகிட்டயும் பேசப் பிடிக்காது. வூட்டுல உக்காந்து சும்மாவே அழுவேன். சுபேதார் ஐயாதான் தினமும் வந்து, 'எழுந்திரு அர்ச்சுனா, போலாம்'னு கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வருவாரு. இங்க நாலு பேரோட சேர்ந்து கை காலை ஆட்டின பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்துது. இந்த எட்டு பேரையும் அப்படி ஒவ்வொருத்தரா இழுத்துக்கிட்டு வந்தது அவருதான்."

"இப்ப அவரை இழுத்துக்கிட்டு வர ஆளு இல்லை," என்றாள் சொர்ணாம்பாள். "வூட்டுக்குள்ளயே கெடந்தா முட்டி மட்டுமில்ல, மனசும் இறுகிப் போயிடும். எத்தனை பேரைப் பாத்திருக்கேன். எனக்குப் பயமா இருக்குது."

வெண்பாவுக்கும் பயமாக இருந்தது. அவள் நகத்தைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு கேட்டாள்:

"அவரு சரியா என்ன சொன்னாரு? படி ஏறக் கூடாதுன்னா, தெருவுக்கு வரக் கூடாதுன்னா?"

"படிதான்," என்றார் ஆனந்தராஜ்.

"தெரு அவரோடது இல்லையே. அது முனிசிபாலிட்டியோடது!"

எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெரிய போர்த் திட்டத்தை ஆராய்வது போல அர்ச்சுனன் தாடையைத் தடவினார். ஐந்து நிமிடம் முணுமுணுவென்று பேசினார்கள். கடைசியில் அர்ச்சுனன் திரும்பினார்.

"பாப்பா சொல்றது சரி. ஆர்டர்ல தெரு இல்லை."

*

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எட்டுப் பேரும் லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வந்தார்கள். குழாயடியில் குடம் வைத்திருந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். பால்காரர் சைக்கிளை ஓரம் கட்டினார். யாரோ தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறார்கள் என்று நினைத்து ஒருவர் வணக்கம் வைத்தார்.

மிலிட்டரி தாத்தா வீட்டுக்கு எதிரே, படியிலிருந்து சரியாக மூன்றடி தள்ளி, ஆனந்தராஜ் பையிலிருந்து ஒன்பது பீங்கான் கட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

"நம்பர் சொல்லு!"

ஆறு வரை வந்தது. நின்றது. பிறகு எட்டு, ஒன்பது.

ஜன்னல் ஒரு சாண் அளவுக்குத் திறந்தது. எல்லோரும் கையை மேலே தூக்கினார்கள், இறக்கினார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

"பாத்தியா? கோவம் வந்துடுச்சு," என்றாள் அமுதவள்ளி. "அவரு மனசு நோவப் போவுதுடி."

வெண்பா பயந்துகொண்டேதான் டிபன் எடுத்துப் போனாள். தாத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"அந்த அர்ச்சுனன் இடது கைய முழுசாத் தூக்கவே இல்லை," என்றார்.

"நீங்க பாத்தீங்களா?"

"ஜன்னல்ல சந்து இருக்குது. எனக்குக் கண்ணு இருக்குது."

வெண்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏழு உங்க நம்பருதானே தாத்தா? ரெண்டு மாசமா அவங்க உங்க இடத்தை யாருக்கும் குடுக்கலை. ஏழை வுட்டுட்டுத்தான் எண்ணுறாங்க. நான் என் கண்ணால பாத்தேன்."

தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"படி ஏறக் கூடாதுன்னு நீங்கதான் ஆர்டர் போட்டீங்களாம். அதனாலதான் வரலையாம்."

தாத்தா திடுக்கிட்டு நிமிர்ந்தார். "நானா? அது... அன்னிக்கு ஏதோ வலியில கத்தினேன். அதைப் போயி ரெண்டு மாசமா..." அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண்ணில் நீரும் வந்தது. "மடப் பசங்க! சுத்த மடப் பசங்க!" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கு வந்து நில்லுங்களேன் தாத்தா."

அவருடைய சிரிப்பு நின்றது. "நிக்க முடியாது பாப்பா. அஞ்சு நிமிஷம் நின்னா காலு நடுங்குது. எட்டு பேரையும் இழுத்துக்கிட்டு வந்தவன் அவங்க முன்னாடியே தொபுக்கடீர்னு விழுந்தேன். இன்னொரு தடவ விழுந்தா என் மனசு தாங்காது."

அன்று டப்பாவில் இரண்டு இட்லி மிச்சம் இருந்தது. அரை இட்லி முன்னேற்றம் என்று வெண்பா நினைத்துக்கொண்டாள்.

*

நிற்க முடியாவிட்டால் உட்காரலாமே? திங்கட்கிழமை காலை எட்டுப் பேரும் மறுபடி தெருவில் வந்து நின்றதும், வெண்பா தன் வீட்டு நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் போய் ஏழாவது கட்டைக்குப் பின்னால் போட்டாள்.

கதவு திறந்தது. தாத்தா ஊன்றுகோலோடு வாசல் வரை வந்துவிட்டார்.

தாத்தா நாற்காலியைப் பார்த்தார். நிற்கும் எட்டுப் பேரையும் பார்த்தார்.

"எல்லாரும் நிப்பாங்க, நான் மட்டும் உக்காரணுமா? இவன் சீக்காளின்னு தெருவுக்கே போர்டு மாட்டப் போறீங்களா?"

கதவு சாத்திக்கொண்டது. டப்பாவில் அன்று மூன்று இட்லி மிச்சம்.

பள்ளியில் வெண்பாவுக்குப் பாடமே ஓடவில்லை. கடைசியில் பி.டி. பீரியட் வந்தது. போன வருடம் அவளுக்குக் காலில் கட்டுப் போட்டிருந்தது. அப்போது எல்லோரும் கோகோ ஆட, அவளை மட்டும் வேப்ப மரத்தடியில் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் அப்படிச் செய்தார்கள். ஆனாலும் போகிறவர் வருகிறவரெல்லாம் அவளைப் பார்ப்பது போலவே இருந்தது. காலை விட அதுதான் அதிகமாக வலித்தது. பிறகு அவளுடைய தோழி தமிழினி ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் அந்த பெஞ்ச் அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை.

வெண்பா சட்டென்று எழுந்து நின்றாள். பள்ளி விட்டதும் சைக்கிள் நேராக அர்ச்சுனன் தாத்தா வழக்கமாக டீ குடிக்கும் ஜங்ஷன் கடைக்குப் பறந்தது. அங்கே சொர்ணாம்பாளும் இருந்தாள்.

"நாளைக்கு எல்லாரும் ஆளுக்கு ஒரு நாற்காலி கொண்டு வரணும்," என்றாள் வெண்பா மூச்சு வாங்க. "எல்லாரும் உக்காந்துதான் எக்சர்சைஸ் பண்ணணும்."

"எங்களுக்கு எதுக்கு நாற்காலி? எங்க முட்டியெல்லாம் இரும்பு மாதிரி இருக்குதே," என்றார் அர்ச்சுனன்.

"பொய் சொல்லாத அர்ச்சுனா," என்றாள் சொர்ணாம்பாள். "வேப்பூர் பஸ்ஸுல ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் 'முருகா முருகா'ன்னு கத்துறது யாரு?"

அர்ச்சுனன் டீயை அவசரமாகக் குடித்தார். சொர்ணாம்பாள் வெண்பாவின் தோளில் கை வைத்தாள். "உக்காந்துக்கிட்டே செய்யறதுக்கு இருபது விதம் இருக்குது. ஆஸ்பத்திரியில நானே செய்ய வெச்சிருக்கேன். இது எனக்குத் தோணாமப் போச்சே பாப்பா!"

*

செவ்வாய்க்கிழமை அந்தத் தெரு பார்த்த காட்சியை இன்னும் யாரும் மறக்கவில்லை.

எட்டுப் பேரும் அணிவகுத்து வந்தார்கள். ஒவ்வொருவர் தோளிலும் துப்பாக்கி போல ஒரு நாற்காலி. இரும்பு மடக்கு நாற்காலி, மர நாற்காலி, பிளாஸ்டிக் நாற்காலி. ஆனந்தராஜ் வீட்டில் வேறு கிடைக்காமல் பேரனுடைய மஞ்சள் குட்டி நாற்காலியைத் தூக்கி வந்திருந்தார். குழாயடியில் ஒரு குடம் நிறைந்து வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

"நாற்காலி... இறக்கு!" என்றார் அர்ச்சுனன். எட்டு நாற்காலிகளும் ஒரே சத்தத்தோடு இறங்கின. வெண்பா ஓடிப்போய் நீல நாற்காலியை ஆறுக்கும் எட்டுக்கும் நடுவில் போட்டாள்.

"உக்காரு!"

எல்லோரும் உட்கார்ந்தார்கள். குட்டி நாற்காலியில் ஆனந்தராஜின் முட்டி தாடையை இடித்தது.

"நம்பர் சொல்லு!"

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. எட்டாம் நம்பர்காரர் வாயைத் திறக்கவில்லை. காத்திருந்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். வெண்பா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விலகியது.

மிலிட்டரி தாத்தா வாசலில் நின்றார். காலில் வெள்ளை கேன்வாஸ் ஷூ. தூசி துடைத்திருந்தது. அவரைப் பார்த்ததும் எட்டுப் பேரும் சடாரென்று எழுந்து விறைப்பாக நின்றார்கள். ஆனந்தராஜோடு குட்டி நாற்காலியும் ஒட்டிக்கொண்டு எழுந்தது.

"எவன் எழுந்திருக்கச் சொன்னது? உக்காருங்கடா!" என்று அதட்டினார் தாத்தா. சொர்ணாம்பாளைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க மேடம்," என்றார்.

உட்கார்ந்தார்கள். தாத்தா ஊன்றுகோலை ஊன்றி ஒரு படி இறங்கினார். இன்னொரு படி. யாரும் ஓடிப் போய்ப் பிடிக்கவில்லை. பிடிக்கக் கை துடித்தாலும் பிடிக்கவில்லை. மூன்றடி தூரம் கடந்து, நீல நாற்காலியின் கையைப் பற்றி, மெல்ல உட்கார்ந்தார். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஏழு!"

குழாயடி வரை கேட்டது. எட்டாம் நம்பர்காரர் அவரையே பார்த்தபடி எட்டு சொல்ல மறந்துபோனார். சொர்ணாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெண்பா வாய்விட்டே அழுதாள். சந்தோஷத்தில் இவ்வளவு அழுகை வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"என்னா எட்டு, தூங்கறியா?" என்றார் தாத்தா. "அர்ச்சுனா, இன்னிக்காவது இடது கைய முழுசாத் தூக்கு."

இருபது நிமிடம் எல்லோரும் கையைத் தூக்கினார்கள், காலை நீட்டி மடக்கினார்கள். தாத்தாவின் முட்டி முதலில் கொஞ்சம்தான் மடங்கியது. பிறகு இன்னும் கொஞ்சம் மடங்கியது. முடிந்ததும் எட்டுப் பேரும் நாற்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"எங்க போறீங்க? உள்ள வாங்க, டீ குடிச்சிட்டுப் போலாம்."

யாரும் நகரவில்லை. அர்ச்சுனன் படியைப் பார்த்தார், தாத்தாவைப் பார்த்தார். "ஐயா, அந்த ஆர்டரு..."

தாத்தா தலையில் அடித்துக்கொண்டார். "அது கேன்சல்! படி ஏறலாம்! எப்ப வேணும்னாலும் ஏறலாம். இது ஆர்டர்!"

எட்டுப் பேரும் முண்டியடித்துக்கொண்டு படி ஏறினார்கள். தாத்தா வீட்டில் டம்ளர் இரண்டே இரண்டுதான் இருந்தது. அமுதவள்ளி கைப்பிடி கோணிய பீங்கான் கப்புகளைக் கூடையோடு எடுத்துக்கொண்டு ஓடினாள். அன்றைக்கு டிபன் டப்பா காலியாகத் திரும்பி வந்தது, அதுவும் கழுவி.

*

அடுத்த சனிக்கிழமை வெண்பா எழுந்தபோது மணி ஏழாகியிருந்தது. ஐந்தரைக்குத் தெருவில் சத்தம் கேட்டதாக ஞாபகம். டக் டக்கென்று ஷூ, நடுநடுவே ஊன்றுகோல். மறுபடியும் தூங்கிப்போய்விட்டாள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். பீங்கான் கட்டைகள் மட்டும் வரிசையாகக் கிடந்தன. அவள் ஏழாவது கட்டையின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள்.

அதுவும் மற்ற கட்டைகளைப் போல மண் ஏறிச் சிவந்திருந்தது. அதன் பின்னால் மண்ணில் நாற்காலிக் கால் பதிந்த நான்கு குழி, ஊன்றுகோல் குத்திய ஒரு குழி, நன்றாக அழுந்திய இரண்டு ஷூ தடம்.